சத்தம் வேறு, கனம் வேறு: பவர் ஸ்டியரிங் பம்போடு நான்கு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நன்றாகச் சூடான வண்டியை ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஓடும் நிலை) நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை, அதாவது ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை, ஒரே கையால் திருப்பினேன். பல வாரங்களாக முடியாத காரியம் அது. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, "சத்தமே காணோமேப்பா" என்றார். அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மறப்பதற்கு முன்னால் எழுதிவைத்தால், ஸ்டியரிங் சத்தம், கனம் என்று இதே சிக்கலில் இருக்கிற வேறு யாருக்காவது இரண்டு மாதம் மிச்சமாகும்.

வண்டி 2008 மாடல் பெட்ரோல் செடான், 1,32,000 கிலோமீட்டர் ஓடியது. இப்போது வருகிற சின்னக் கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான். அதில் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. எங்களுடையது பழைய ஹைட்ராலிக் வகை. இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் போய் பம்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தி, முன் சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்கு அனுப்பும். ரேக்கில் வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக ஆயில் டப்பாவுக்கு வந்துவிடும். எங்கள் வண்டியில் பம்புக்குத் தனி பெல்ட் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீடு திருவொற்றியூரில். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவை பிசியோதெரபிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். டி.எச். ரோட்டில் போகும்வரை ஸ்டியரிங்கைப் பற்றி நினைப்பே வராது. பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் நுழைந்து, ஒரு பக்கம் மீன்பாடி வண்டி, இன்னொரு பக்கம் நிறுத்தியிருக்கும் பைக் வரிசை என்று இருக்கும்போது மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் வண்டியைத் திருப்ப முடியும். பம்பின் குறை முதலில் தெரிவது அங்கேதான். நேர் ரோட்டில் பம்புக்கு வேலையே இல்லை.

முதல் அறிகுறி அக்டோபரில் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல் ஒரு முனகல், அரை நிமிடம். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் மேலே ஏறும், விட்டால் இறங்கும். வண்டி சூடானதும் காணாமல் போய்விடும். அதே வாரம் கொருக்குப்பேட்டைப் பக்கம் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் ஓட்டியிருந்தேன். அதனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். இதுதான் முதல் தப்பு. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே அதற்குப் பெயர் வைத்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்தான் அதைத் திருத்தினார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். அமைதி. அதே முனையைப் பம்பில் வைத்தால் காதுக்குள்ளேயே கிரைண்டர். இன்னும் சந்தேகம் தீராமல் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டோம். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. தனி பெல்ட் இருந்ததால் இந்தச் சோதனை முடிந்தது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெல்ட் ஓடுகிற வண்டியில் ஸ்க்ரூ டிரைவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கழற்றிய பெல்ட்டைப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே குறுக்கு வெடிப்பு. ஃபுல் லாக் பிடிக்கும்போது இன்னொரு சத்தமும் வந்துகொண்டிருந்தது, கிறீச் என்று கூர்மையாக. பெல்ட் கிறீச்சிடும், பம்ப் முனகும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிகளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். கிறீச்சு அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. எனக்கு அதிகமானது. புது பெல்ட் 380 ரூபாய். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போகும்படி டென்ஷன் வைத்தோம். கிறீச்சு போனது. முனகல் அப்படியே இருந்தது.

நவம்பரில்தான் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். அக்டோபரிலேயே முதல் வேலையாகத் திறந்திருக்கவேண்டும். அந்த மூடிக்கு ஸ்பேனர் வேண்டாம், காசு வேண்டாம், அரை நிமிடம் போதும். எங்கள் வண்டிக்குப் போடும் ஆயில் புதிதில் செக்கச் சிவப்பாக இருக்கும். எங்கள் டப்பாவில் இருந்தது கொதித்து வற்றிய டிகாஷன் நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தால் கருகிய வாடை. அளவு, குறைந்தபட்சத்தைக் காட்டும் MIN கோட்டுக்குக் கீழே. 200 மில்லி ஊற்றினேன். நான்கு நாள் சத்தம் குறைந்தது, பிறகு பழையபடி. திறந்து பார்த்தால் அளவு மறுபடி இறங்கியிருக்கிறது. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. ரேக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் உறையைப் பிதுக்கிப் பார்த்தேன். ரேக் சீல் போயிருந்தால் அதற்குள்தான் ஆயில் கட்டி நிற்கும். காய்ந்திருந்தது. அப்புறம் பம்பையும் ஹோஸ்களையும் பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பின் அம்மாவின் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேலே தூவினேன். பத்து நிமிடம் இஞ்சின் ஓட்டி, நாலு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பினேன். புல்லிக்குப் பின்னால், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், வெள்ளைப் பவுடரில் ஈரமாக ஒரு பிறை வடிவம். ஷாஃப்ட் சீல் கசிகிறது. கசிந்ததைச் சுற்றுகிற புல்லி பானெட்டுக்குள் எல்லா இடத்திலும் தூவிவிடுகிறது, அதனால்தான் தரையில் சொட்டவில்லை. இந்தப் பவுடர் வேலையை இஞ்சின் ஆயில் கசிவுக்கும் இப்போது செய்கிறேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் டப்பா மூடியைத் திறந்து காட்டினார். "இத்தப் பாரு தம்பி, டீ ஆத்துன மாரி நொர கட்டிக்கீது. பம்பு ஆயிலோட காத்தயும் சேத்து இழுக்குது. காத்து போனா கத்தத்தான் செய்யும்" என்றார். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அதில் விரிசல் இருந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். எங்கள் ஹோஸ் 16 வருஷத்தில் கட்டைபோல் இறுகிப்போய், கிளிப் கடிக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்போடு இருந்தது.

இங்கே அடுத்த தப்பு. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பாதி மூடியிருந்தன. உள்விட்டம் சரியாக இருக்கிறது என்று பக்கத்துக் கடையில் ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடும் ரப்பர் ஹோஸை 90 ரூபாய்க்கு வாங்கி மாட்டிவிட்டேன். அந்த ரப்பர் வெந்நீரைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. மூன்று வாரத்தில் தண்ணீரில் விழுந்த அப்பளம்போல் உப்பி, விரலால் அமுக்கினால் குழிந்தது. அதைக் கழற்றி வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்திருந்தது. அந்தப் பொடியெல்லாம் ஆயிலோடு கலந்து பம்புக்குள் போயிருக்கும். ஆயிலுக்கென்று இருக்கிற நைட்ரைல் ரப்பர் ஹோஸ் 280 ரூபாய், ஸ்க்ரூ வைத்த புதுக் கிளிப் இரண்டு 60 ரூபாய். கடையில் "பவர் ஸ்டியரிங் ரிட்டர்ன் லைனுக்கு" என்று கேட்டால் சரியானதைக் கொடுப்பார்கள். சக்‌ஷன், அதாவது உறிஞ்சும் பக்கத்துக்கும் அதே ஹோஸ்தான். பிரஷர் பக்கத்துக்கு மட்டும் இதை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது. அது உள்ளே பின்னல் வைத்து முனையில் பிரஸ் செய்த ஹோஸ்.

ஹோஸ் மாற்றியதும் நுரை பெரும்பாலும் அடங்கியது, முனகல் பாதிக்குமேல் குறைந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். டிசம்பர் மூன்றாவது வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். வீட்டுத் தெருவில் திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன். மறுநாள் காலை எடுத்தால் பூப்போல் திரும்புகிறது.

இந்தக் கனத்தைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. குளிரில் லேசாகவும் சூட்டில் கனமாகவும் இருக்கிறது. ஐடிலிங்கில் கனம், ஆக்சிலரேட்டரை மிதித்து 1500 ஆர்.பி.எம். கொண்டுவந்தால் லேசாகிவிடுகிறது. இந்த இரண்டு குணமும் சேர்ந்து இருந்தால் சந்தேகத்தைப் பம்பின் உள் தேய்மானத்தின் மேல் வையுங்கள். சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது. பம்ப் வேகமாகச் சுற்றினால் நழுவுவதை மீறி அழுத்தம் ஏறுகிறது. டயரில் காற்றுக் குறைவு என்றால் கனம் காலையிலும் இருக்கும், சாயங்காலமும் இருக்கும். முதலில் அதைத்தான் பார்த்தேன். இரண்டு முன் டயரும் 32 பி.எஸ்.ஐ. சரியாக இருந்தது. ஸ்டியரிங் கம்பியில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகினாலும் கனம் வரும். அப்போது திருப்பத்திலிருந்து விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. எங்களுடையது திரும்பியது.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. பயந்துபோய் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரேக் போய்விட்டது, மாற்ற 24,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அட்வான்ஸ் கட்டத் தயாராகவே இருந்தேன். அந்தச் சீட்டைப் பார்த்த அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "கேஜு போட்டுப் பாத்தாங்களா?"

ஆயிலின் அழுத்தத்தை அளக்கும் அந்தக் கேஜ் அவரிடமும் இல்லை. மணலிப் பக்கம் டிரெய்லர்களுக்கும் ஃபோர்க்லிஃப்ட்களுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்துகொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் 0 முதல் 160 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் கிளிசரின் கேஜ் 750 ரூபாய்க்கும், நீடில் வால்வு 600 ரூபாய்க்கும் கிடைத்தது. பம்பின் வாயிலும் பிரஷர் ஹோஸிலும் பொருந்தும்படி இரண்டு அடாப்டர்களை லேத்தில் கடைந்து வாங்க 400 ரூபாய். மொத்தம் 1,750. போகும்போது, பிரஷர் ஹோஸைப் பம்பில் பிடித்திருக்கும் பழைய பான்ஜோ போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகாமல் முதல் நாள் சும்மா திரும்பி வந்தேன். சூடு அளக்க 900 ரூபாய்க்கு ஒரு இன்ஃப்ராரெட் கன்னும் வாங்கினேன்.

மாட்டும் வரிசை முக்கியம்: பம்ப், அடுத்து கேஜ், அடுத்து வால்வு, அடுத்து ரேக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸ். வால்வு திறந்திருக்கும்போது ஆயில் வழக்கம்போல் ஓடும். வால்வை மூடினால் பம்ப் சுவரில் முட்டிக்கொள்ளும். அதனால் முடிந்த உச்ச அழுத்தம் கேஜில் தெரியும். ஐந்து வினாடிக்குமேல் மூடி வைக்கக்கூடாது, பம்ப் வெந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக்கூடாது, அட்டையை நீட்டிப் பார்க்கவேண்டும்.

ஜனவரி முதல் ஞாயிறு எடுத்த அளவுகள் நோட்டில் இருக்கின்றன. காலை, ஆயில் 27 டிகிரி, ஐடிலிங், ஸ்டியரிங் நேராக, வால்வு திறந்த நிலையில் 6 பார். வால்வு மூடினால் 67 பார். பிறகு வண்டியை எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்து, நின்ற இடத்திலேயே பலமுறை திருப்பி டப்பாவை 72 டிகிரிக்குச் சூடாக்கினோம். ஐடிலிங்கில் வால்வு மூடினால் 38 பார்தான். 2000 ஆர்.பி.எம்.மில் 60. கடைசியாக, வால்வைத் திறந்துவைத்து ஐடிலிங்கில் ஃபுல் லாக் பிடித்தோம், அதே 38.

அந்தக் கடைசி அளவுதான் 24,000 ரூபாயைக் காப்பாற்றியது. வால்வு மூடியபோது பம்ப் முழு அழுத்தம் கொடுத்து, வால்வு திறந்து ஃபுல் லாக் பிடிக்கும்போது மட்டும் அழுத்தம் விழுந்தால் ரேக் உள்ளுக்குள் விடுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு இரண்டு நிலையிலும் ஒரே எண். பம்ப் கொடுத்த 38-ஐ ரேக் ஒரு பாரும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கொடுக்கத்தான் பம்பிடம் அதற்குமேல் இல்லை. இத்தனை மாதமும் நான் காதால் கேட்டும் கையால் உணர்ந்தும் ஊகித்துக்கொண்டிருந்ததற்கு முதல் தடவையாக எண் கிடைத்த அந்தச் சந்தோஷத்தை இப்போதும் உணரமுடிகிறது.

பொங்கல் லீவில் பம்பை இறக்கினேன். டப்பாவில் இருந்த ஆயிலை 50 மில்லி சிரிஞ்சில் மீன்தொட்டிக் குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்தேன். பெல்ட், ஹோஸ், பான்ஜோ போல்ட் எல்லாம் சுலபமாக வந்தன. பிராக்கெட்டின் கீழ் போல்ட் மட்டும் அசையவில்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 16 வருஷம் நிற்கும் வண்டி, உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. துரு விடுவிக்கும் ஸ்பிரே 250 ரூபாய்; இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை அடித்து, 14 நம்பர் ரிங் ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்ததும் ஒரு சத்தத்தோடு விட்டது.

பம்பைத் திறப்பதற்குமுன் டப்பாவைக் கவிழ்த்து அடிசல்லடையைப் பார்த்தேன். சல்லடைக் கண்கள் பாதிக்குமேல் கறுப்புப் பசையால் அடைத்திருந்தன. பசையை வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் பிடித்தால் வெள்ளிப் பொடி மின்னியது. காலையில் வரும் முனகலுக்கு இதுவும் ஒரு காரணம். கெட்டியான ஆயிலை அடைத்த சல்லடை வழியாக உறிஞ்சமுடியாமல் பம்ப் மூச்சுத் திணறியிருக்கிறது.

பம்புக்குள்ளே முட்டை வடிவத் துளையுள்ள ஒரு வளையம், அதற்குள் சுற்றும் ரோட்டர், ரோட்டரின் பிளவுகளில் முன்னும் பின்னும் நகரும் பத்து சின்ன எஃகுத் தகடுகள். அவ்வளவுதான் இந்த வகைப் பம்ப். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தேன். தகட்டின் ஒரு விளிம்பு உருண்டையாக இருக்கும், அந்தப் பக்கம்தான் வளையத்தைத் தொடவேண்டும். மாற்றிப் போட்டால் வளையத்தைச் செதுக்கிவிடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பூல் வால்வு ஸ்பிரிங்கோடு தனியாக ஒரு துளையில் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து துளையில் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்கவேண்டும். இறங்கியது. அது சிக்கியிருந்தால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் கனம் வரும், அதனால் இதைப் பார்க்காமல் பம்பைக் குப்பையில் போடாதீர்கள்.

வளையத்தின் உள்சுவரில் நகத்தை ஓட்டினேன். அலை திரும்பிப் போனபின் மணலில் விழும் வரிபோல் நகத்தில் தட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் கையில் 420 ரூபாய்க்கு வாங்கிய சீல் கிட் இருந்தது, லீவு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கண்ணாடிப் பலகையில் 1500 நம்பர் எமரி ஷீட்டை வைத்து ரோட்டரின் இரண்டு முகத்தையும் கீறல் போகும்வரை தேய்த்தேன். பளபளவென்று வந்தது. புது சீல், புது ஓ-ரிங் எல்லாம் போட்டு மாட்டினேன்.

கசிவு நின்றது. மிச்சமிருந்த முனகலும் கிட்டத்தட்ட போய்விட்டது. ஆயிலைச் சூடாக்கி கேஜைப் பார்த்தேன். 34 பார். செய்வதற்கு முன்னால் 38 இருந்தது.

மறுநாள் வளையத்தையும் ரோட்டரையும் லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னேன். ரோட்டர் வளையத்தைவிட 0.06 மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் நழுவுகிறது. கீறலைப் போக்குகிறேன் என்று நான் தேய்த்தது அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. லேத் பெரியவர், "பளபளப்பு வேணும்னா பாத்திரத்தத் தேய்ப்பா. இத்தத் தேச்சா திரும்பி வராது" என்றார். ஆனால் இந்தத் தோல்வியால்தான் எனக்கு விஷயம் பிரிந்து தெரிந்தது. சத்தம் காற்றால் வந்தது. ஹோஸும் சீலும் சல்லடையும் அதற்கு மருந்து. கனம் தேய்மானத்தால் வந்தது. சீல் கிட்டால் அதைத் தொடவே முடியாது. இரண்டும் ஒரே பம்பில் ஒரே நேரத்தில் இருந்ததால் ஒன்றைச் சரிசெய்தபோதெல்லாம் முழுவதும் சரியாகிவிட்டது என்று ஏமாந்திருக்கிறேன்.

புது பம்ப் 11,500 ரூபாய் சொன்னார்கள். ரீகண்டிஷன் செய்தது 5,500. ஜனவரி கடைசி சனிக்கிழமை, பழைய பம்பைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிகளின் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். நான்கு கடைகளில் இதே மாடல் பம்ப் இருந்தது. முதலில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இருந்ததை ஒதுக்கினேன். கையோடு கொண்டுபோன ஆயிலில் கொஞ்சம் உள்வாயில் விட்டு, வெளிவாயைக் கட்டைவிரலால் அடைத்து, புல்லியைக் கையால் சுற்றினேன். நல்ல பம்ப் விரலைத் தள்ளும், சுற்றும் கையில் வழவழப்பாக ஒரே மாதிரி இருக்கும். ஒன்று கரகரத்தது. மூன்றாவது கடையில் இருந்தது நன்றாகத் தள்ளியது. என் ஆயிலை விடுவதற்கு முன்பே அந்தப் பம்பின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருந்தேன், உள்ளே ஒட்டியிருந்த ஆயில் சிவப்பாகவே இருந்தது. பம்ப் இருந்த வண்டியில் ஆயில் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2,300 சொன்னார். "அண்ணா, நான் உள்ளே இருக்கிற செட்டுக்காகத்தான் வாங்குறேன், பாடி என்கிட்டயே இருக்கு" என்றேன். "அப்ப பாடிய இங்கயே வெச்சிட்டுப் போ, ஆயிரத்தி எட்நூறு குடு" என்றார். இல்லை, முழுதாகவே வேண்டும் என்று 1,800-க்கே வாங்கிவந்தேன்.

அதை அப்படியே மாட்டாமல் பிரித்தேன். வளையத்துக்கும் ரோட்டருக்கும் வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். வளையத்தில் நகம் தட்டவில்லை. வளையம், ரோட்டர், பத்து தகடு மூன்றையும் ஒரே செட்டாக எங்கள் பம்பின் உடம்புக்குள் மாற்றினேன். ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை அவை, கலந்து போடக்கூடாது. ஷாஃப்ட் பேரிங் புதிது, 260 ரூபாய். சீல் கிட் மறுபடி ஒன்று, 420. பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர்கள் 40. சல்லடை டப்பாவோடு ஒட்டியே வருவதால் டப்பாவையே மாற்றினேன், 850. அண்ணன் அரை நாள் கூட நின்றார். காசு வேண்டாம் என்றவரை 800 ரூபாய் வாங்கிக்கொள்ள வைத்தேன்.

பழைய ஆயிலை வெளியேற்ற ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, முன் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை லாக்குக்கு லாக் திருப்பினேன். மனைவி மேலே ஊற்ற ஊற்ற, பாட்டிலில் கறுப்பு விழுந்து, பழுப்பாகி, இரண்டாவது லிட்டர் முடியும்போது சிவப்பாக வந்தது. எந்த ஆயில் என்று மூடியிலோ மேனுவலிலோ எழுதியிருக்கும், அதையே போடுங்கள். பிரேக் ஆயில் கலந்தால் சீல் எல்லாம் உப்பிவிடும். மூன்று லிட்டர், 1,050 ரூபாய்.

காற்று எடுப்பதில் அவசரப்பட்டு ஒரு தப்பு செய்தேன். ஹோஸைத் திரும்ப மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்துவிட்டேன். டப்பா முழுக்க நுரை, பம்ப் அலறியது. நிறுத்திவிட்டு நுரை அடங்க இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டியதாயிற்று. பிறகு சரியாகச் செய்தோம்: இஞ்சின் அணைத்தபடியே இருபது தடவை மெதுவாக லாக்குக்கு லாக், குமிழி வருவது நின்றபின் ஆயில் அளவு பார்த்து, ஸ்டார்ட் செய்து சில வினாடியில் நிறுத்தி, மறுபடி அளவு பார்த்து, அப்புறம்தான் ஓடவிட்டோம். லாக்கில் ஐந்து வினாடிக்குமேல் பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி நிற்கவிட்டு, காலையில் கடைசியாக 50 மில்லி பிடித்தது.

அன்று சூட்டில் எடுத்த அளவு: 71 டிகிரி, ஐடிலிங், வால்வு மூடி 66 பார். ஃபுல் லாக்கிலும் 66.

செலவு மொத்தம் 9,700 ரூபாய். இதில் கேஜ் செட், சூடு அளக்கும் கன் இரண்டும் 2,650. அவை கையிலேயே இருக்கின்றன. வீணாகப் போனது 860: தப்பான ஹோஸ் 90, கசிவைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்த முதல் லிட்டர் ஆயில் 350, முதல் சீல் கிட் 420. நேராக வந்திருந்தால் 6,190 ரூபாயில் முடிந்திருக்கும். நேரத்தை நான் கணக்குப் பண்ணவில்லை, ஏழு ஞாயிறு இருக்கும்.

மறுபடி இதைச் செய்தால் முதல் முனகலன்றே மூடியைத் திறந்து நிறமும் நுரையும் பார்ப்பேன். எந்தப் பாகம் வாங்குவதற்கு முன்னாலும் கேஜ் மாட்டுவேன். நகத்தில் வரி தட்டிய வளையத்துக்கு சீல் கிட் வாங்கமாட்டேன். இனி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டப்பா ஆயிலை உறிஞ்சி மாற்றுவதாக இருக்கிறேன். சிரிஞ்சைக் கழுவி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

கேஜ் இப்போது அண்ணன் பட்டறை ஆணியில் தொங்குகிறது. நேற்று ஒரு டாக்ஸிக்காரர் ஸ்டியரிங் கனம் என்று வந்தார், பம்ப் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். சூடாக்கி மாட்டினோம். வால்வு மூடினால் 78 பார், ஃபுல் லாக்கில் 44. அவருக்குப் போயிருப்பது ரேக்.